ஒன்பதரை மணிக்கு எல்லா லென்ஸும் மோசம்தான்

சென்னையில் பறவைப் படம் எடுக்கிறவர்கள் கூடியிருக்கும் எந்த வாட்ஸ்அப் குழுவை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள், வலசைப் பறவைகள் வந்திருக்கும் மாதங்களில் இந்த உரையாடல் ஓயாமல் நடக்கும். ஒருவர் பூநாரைப் படம் ஒன்றைப் போடுவார். கண் மங்கல், இறகு மங்கல், பின்னால் நிற்கும் கோரை ஒவ்வொன்றும் இரண்டு இரண்டு கோடாகப் பிரிந்து தெரியும். "ஆட்டோஃபோகஸ் மிஸ் ஆகுதா, இல்ல லென்ஸே சாஃப்டா?" என்று கேட்பார். பத்து நிமிடத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும்: உங்களுக்கு வந்தது பேட் காப்பி ப்ரோ, மாத்திடுங்க. தயாரிப்பிலேயே பழுதான லென்ஸ் என்று அர்த்தம். இன்னொருவர் சர்வீஸுக்கு அனுப்பச் சொல்வார். மூன்றாமவர், எஃப் 6.3 லென்ஸை வைத்துக்கொண்டு பின்னணி மங்கலை எதிர்பார்ப்பதே தப்பு, 600 எஃப் 4 வாங்குங்கள் என்பார். பத்து லட்சத்துக்கு மேல் ஆகும் சமாச்சாரம் அது, சொல்கிறவரிடமே இருக்காது. (600 என்பது மில்லிமீட்டரில் லென்ஸின் குவிய நீளம், எஃப் எண் சிறியதாக ஆக லென்ஸின் திறப்பு பெரிது.) எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பறவை எவ்வளவு தூரத்தில் இருந்தது என்றுகூட கேட்பதில்லை.

இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. படத்தைக் கெடுப்பது லென்ஸ் இல்லை, வெயிலில் சூடாகி நெளியும் காற்று, அதாவது கானல்தான் என்று குழுவில் சொல்லிப் பார்த்தேன், "அதெல்லாம் பாலைவனத்துல ப்ரோ" என்று ஒருவர் கட்டைவிரல் காட்டிவிட்டுப் போனார். கானல் என்றாலே ராஜஸ்தான் என்று நினைப்பு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குக் குறுக்கே போகும் ரேடியல் சாலையில் ஒரு மார்கழி முற்பகலில் நின்று, எதிரே வரும் லாரியின் சக்கரங்களைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

என் மைத்துனன் போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு 200-600 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ் வாங்கினான். கேமராவும் நல்ல மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) பாடி, பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துச் சதுரம் போடும் வகை. முதல் மாதம் சந்தோஷமாக இருந்தான், வீட்டு மொட்டை மாடியில் வரும் தேன்சிட்டையும் மைனாவையும் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான், என் மாமியார் அதில் ஒன்றைக் காலண்டராகவே அடித்து வைத்திருக்கிறார். அப்புறம் பெரும்பாக்கம் சதுப்பு நிலத்துக்குப் போக ஆரம்பித்தான், புலம்பலும் ஆரம்பித்தது. "மாமா, சதுரம் கரெக்டா கண்ணு மேலதான் உக்காருது. படம் மட்டும் வர மாட்டேங்குது." ஐம்பது படத்தில் ஒன்றிரண்டு தேறும், அந்த ஒன்றிரண்டும் ஏன் தேறின என்று தெரியாது. குழுவில் கேட்டான், மேலே சொன்ன தீர்ப்பு கிடைத்தது. லென்ஸை சர்வீஸுக்குக் கொடுத்தான். வாரக்கணக்கில் வைத்திருந்து, கேலிபரேஷன் என்று ஒரு தொகையைப் போட்டு, எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்று ஒரு சீட்டோடு திருப்பிக் கொடுத்தார்கள். அதுவும் எனக்கு எரிச்சல்தான். உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமரா காலத்தில் அந்தத் திருத்தத்துக்கு அர்த்தம் இருந்தது, கண்ணாடிக்குக் கீழே தனியாக இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்கும் படம் பதியும் சென்சாருக்கும் இடையே இம்மி வித்தியாசம் இருந்தால் பறவைக்கு முன்னாலோ பின்னாலோ ஃபோகஸ் விழும். மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் அளக்கிறது. அங்கே அந்த மாதிரிப் பிழை அபூர்வம். பணம் வாங்கியவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

அந்தப் பலகை

சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பெரும்பாக்கம் போனோம். வேண்டுமென்றே தாமதமாகத்தான் போனேன், அவன் வழக்கமாகப் போகிற நேரத்துக்கு. அவன் லேட்டாக எழுந்து, இட்லி சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு மேல் போய் நிற்பவன். கரையிலிருந்து சுமார் நூறு மீட்டர் தள்ளி ஓர் எச்சரிக்கைப் பலகை இருந்தது, தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று எழுதியது. டிரைபாடில் கேமராவைப் பூட்டி, ஆட்டோஃபோகஸை அணைத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையாலேயே ஃபோகஸ் செய்யச் சொன்னேன். பலகை பறக்காது, தலையைத் திருப்பாது, முங்கி எழாது. அவன் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தான், நிறுத்த முடியவில்லை. எழுத்துகள் ஒரு கணம் கூர்மையாகும், அடுத்த கணம் உருகும், பக்கவாட்டில் நகரும், மறுபடி சேரும். கையை எடுத்துவிடு என்றேன். எடுத்தான். யாரும் தொடாமலே எழுத்துகள் நெளிந்துகொண்டிருந்தன. பர்ஸ்டில், அதாவது பொத்தானை விடாமல் தொடர்ச்சியாக, ஒரு இருபது முப்பது படம் எடுத்துப் பார்த்தால் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஒன்றில் தலைப்பு எழுத்து தெளிவு, அடுத்ததில் கீழ் வரி தெளிவு, மூன்றாவதில் எதுவுமே இல்லை. ஃபோகஸ் மோட்டார் அசையவே இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

கற்பூர ஆரத்தி காட்டும்போது சுடருக்கு மேலே மூலவர் முகம் லேசாக நெளியுமே, அதேதான். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, ஒளியைக் கொஞ்சம் குறைவாக வளைக்கும். குளிர்ந்த காற்று கொஞ்சம் அதிகமாக. வெயில் பட்ட தரையிலிருந்து சூடான காற்றுத் திட்டுகள் மேலே கிளம்ப, குளிர்ந்தவை கீழே இறங்க, பறவைக்கும் உங்களுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான தரங்கெட்ட குட்டி லென்ஸுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் வேகத்தை 1/3200 விநாடிக்கு ஏற்றினால் நெளிவு உறையும், நெளிந்த வடிவத்திலேயே உறையும். எஃப் 11க்கு மூடினாலும் பயனில்லை, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) மட்டும் ஏறும்.

ஆனால் மைத்துனனை அசைத்தது இந்த விளக்கம் இல்லை. பக்கத்தில் ஒருவர், உருமறைப்புத் துணி சுற்றிய 600 எஃப் 4 லென்ஸோடு, முட்டுக்கொடுத்த பெரிய டிரைபாடில் நின்றிருந்தார். இவனுக்கு அதைப் பார்த்ததிலிருந்தே கண் அங்கேதான். கொஞ்சம் தயங்கி, "சார், ஒரு உதவி, அந்தப் பலகைய ஒரு பர்ஸ்ட் எடுத்துக் காட்டுவீங்களா?" என்று கேட்டான். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், பலகையை எவன் எடுப்பான் என்ற பார்வை. எடுத்தார். பின்திரையில் பெரிதாக்கிப் பார்த்தார், இன்னும் பெரிதாக்கினார், லென்ஸ் முகப்பைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார். அதே நெளிவு, சொல்லப்போனால் எங்களுடையதை விட ஒரு பங்கு கூடுதலாகவே தெரிந்தது, அவருடைய சென்சாரில் மெகாபிக்சல் அதிகம். "காலைல ஆறரைக்கு நல்லாத்தானே சார் இருந்துச்சு" என்றார் எங்களிடமே. எங்களுக்குக் கிடைத்த சர்வீஸ் சீட்டுக்குக் கொடுத்த பணத்தை அவரிடம் கொடுத்திருக்கலாம்.

அடுத்த வாரம் அதே பலகை, அதே 200-600, சூரியன் அப்போதுதான் கட்டடங்களுக்கு மேலே தலை காட்டியிருந்தது. பலகையில் பெயின்ட் உரிந்திருந்த இடம்கூட எண்ணிப் பார்க்கிற மாதிரி இருந்தது. மைத்துனன் ஒன்றும் சொல்லவில்லை, லென்ஸ் விற்கப் போட்டிருந்த விளம்பரத்தை மட்டும் அங்கேயே நின்று நீக்கினான்.

மங்கலிலும் வகை இருக்கிறது

இதற்குப் பிறகு யார் மங்கலான படம் அனுப்பினாலும் நான் முதலில் பறவையைப் பார்ப்பதில்லை, பறவையின் காலடியில் இருக்கும் புல்லையும் சேற்றையும் பார்க்கிறேன். பறவைக்கு முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஓர் இடம் கூர்மையாக இருந்தால் அது உண்மையான ஃபோகஸ் பிழை, கேமரா வேறு எதையோ பிடித்திருக்கிறது. 600 மில்லிமீட்டர், எஃப் 6.3, பதினைந்து மீட்டர் தூரம் என்றால் முழுச்சட்டக சென்சாரில் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமாகவே ஒரு சாண் அளவுதான், ஆகவே இப்படித் தவறுவது சகஜம். படத்தில் எல்லாப் புள்ளியும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. எங்குமே கூர்மை இல்லை, அடுத்தடுத்த படங்களில் மங்கலின் வடிவம் மாறிக்கொண்டே இருக்கிறது என்றால் காற்று. எல்லாப் படத்திலும், பத்து மீட்டரிலும் ஐம்பது மீட்டரிலும், காலையிலும் மதியமும் ஒரே மாதிரி மங்கல், பின்னணிக் கோரை எப்போதும் இரட்டைக் கோடு என்றால் லென்ஸ் முகப்பைப் பாருங்கள், கடைக்காரர் சேர்த்து விற்ற யூவி ஃபில்டர் அங்கே உட்கார்ந்திருக்கும். மலிவான ஃபில்டரின் கண்ணாடிப் பரப்பில் இருக்கும் சின்ன மேடு பள்ளத்தை 50 மில்லிமீட்டர் லென்ஸ் கண்டுகொள்ளாது, 600 சும்மா விடாது. கழற்றி ஒரு படம், மாட்டி ஒரு படம் எடுத்துப் பாருங்கள், விடை கையில். பாதுகாப்புக்கு லென்ஸ் முன்னால் மாட்டும் ஹூட் போதும்.

இன்னொன்று, ரொம்பப் பேர் கவனிக்காதது, கார். ஏசியைப் போட்டுக்கொண்டு ஓ.எம்.ஆர் முழுக்க வந்துவிட்டு, சதுப்பு ஓரத்தில் கண்ணாடியை இறக்கி, லென்ஸை வெளியே நீட்டி எடுப்பார்கள். உள்ளேயிருந்து குளிர்காற்று வெளியேறி வெளிச்சூட்டோடு கலப்பது சரியாக லென்ஸ் முகத்துக்கு முன்னால். வெளியே கானலே இல்லாத நேரத்திலும் நாமே ஒன்றைத் தயாரித்துக்கொள்கிறோம். அதோடு நம் ஊர் ஈரப்பதத்தில் குளிர்ந்த கண்ணாடி மேல் உடனே பனி படியும், துடைக்கத் துடைக்கப் படியும். கேமரா பையை மூடி டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஏசியை இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு வாருங்கள், வீட்டம்மா முறைத்தாலும் பரவாயில்லை.

பின்னணி கரைய வேண்டுமானால்

பின்னணி மங்கல் விஷயத்தில் எஃப் எண்ணைப் பிடித்துத் தொங்குவது எனக்குப் புரிவதே இல்லை. எண் விளையாட்டு பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். பள்ளிக்கரணையில் பூநாரை நூற்றைம்பது மீட்டர் தள்ளி நிற்கிறது, அதற்குப் பின்னால் ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஐ.டி. கட்டடங்கள் என்று வைத்துக்கொள்வோம். 600 எஃப் 6.3 லென்ஸில் அந்தக் கட்டடத்தின் ஓர் ஒளிப்புள்ளி சென்சாரில் சுமார் 0.3 மில்லிமீட்டர் வட்டமாகப் பரவும், 36 மில்லிமீட்டர் அகலச் சட்டத்தில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, கட்டடத்தின் ஜன்னல் கட்டங்களை எண்ணலாம். எஃப் 4 லென்ஸ் போட்டால் அந்த வட்டம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் பெரிதாகும், அவ்வளவுதான், ஜன்னல் அப்போதும் ஜன்னல்தான். அதே கட்டடம் அங்கேயே இருக்க, பறவை பதினைந்து மீட்டரில் நின்றால் 6.3 லென்ஸிலேயே வட்டம் பத்து மடங்குக்கு மேல் வளர்ந்துவிடும், கட்டடம் வெறும் சாம்பல் நிறமாகக் கரையும். தூரம்தான் எல்லாம். அதற்காகப் பறவையைத் துரத்திக்கொண்டு போகச் சொல்லவில்லை. பழவேற்காட்டில் படகுக்காரரிடம் இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே என்று சொல்லி ஒரு கூட்டத்தையே கிளப்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். ஓரிடத்தில் உட்கார்ந்து அது வரும்வரை காத்திருப்பது என்று ஒரு வழி இருக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் உயரம். சேற்றில் ஒரு கொசு உள்ளான் மேய்கிறது, பதினைந்து மீட்டர் தூரம், தலை தரையிலிருந்து பத்து சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நின்றபடி, கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்க எடுத்தால், அதன் தலையைத் தாண்டிப் போகும் பார்வைக் கோடு ஒரே மீட்டர் தள்ளித் தரையில் முட்டிவிடும். அந்தச் சேறுதான் பின்னணி, ஒவ்வொரு கட்டியும் தெரியும். அதே பறவை, அதே லென்ஸ், கேமராவைத் தரையிலிருந்து இருபது சென்டிமீட்டருக்கு இறக்குங்கள், கோடு பதினைந்து மீட்டர் தள்ளிப் போய்த்தான் முட்டும். பின்னணியின் மங்கல் எட்டு மடங்கு. ஒரு பழைய பாய், லென்ஸைத் தாங்கப் பச்சைப்பயறு நிரப்பிய துணிப்பை, முழங்கை தேயக் கொஞ்சம் மனசு, இவ்வளவுதான் செலவு.

ஆனால் இங்கேதான் சென்னை வேலையைக் காட்டும். தரையோடு தரையாகப் படுத்தால் பார்வைக் கோடு முழுக்கத் தரையை ஒட்டிய காற்று வழியாகத்தான் போகிறது, கானல் மிக மோசமாக இருப்பதும் அந்த முழங்கால் உயரத்துக்குள்தான். பின்னணி அழகாக வேண்டுமென்றால் படுக்க வேண்டும், கூர்மை வேண்டுமென்றால் எழுந்து நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது விடிந்த முதல் ஒன்றரை மணி நேரத்தில், அப்புறம் மேகம் கவிந்த நாட்களில். வடகிழக்குப் பருவமழை ஒரு சுற்றுப் பெய்து ஓய்ந்து, அடுத்தது வருவதற்கு முன் வானம் சாம்பலாகக் கிடக்குமே, எல்லோரும் வெளிச்சம் இல்லை என்று கேமராவைப் பையில் வைத்திருக்கும் அந்த நாட்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. ஐஎஸ்ஓ 3200 போகும், போகட்டும், அதனால் படத்தில் வரும் புள்ளிகளைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். மார்கழி விடியலில்கூட ஒரு சிக்கல் உண்டு, தண்ணீர் காற்றை விட வெதுவெதுப்பாக இருந்தால் நீர்ப்பரப்பை ஒட்டி லேசான நெளிவு வரும், ஆகவே அப்போது நீருக்கு மேலே பார்க்கும் கோணத்தை விட்டு ஈரச்சேற்றுப் பக்கம் திரும்புவது என் வழக்கம்.

கோரை தின்னும் ஃபோகஸ்

காற்று நன்றாக இருக்கும் நேரத்திலும் ஆட்டோஃபோகஸ் சண்டித்தனம் செய்யும் ஓர் இடம் உண்டு, அது சம்புக் கோரை. நீலத்தாழைக்கோழி கோரைக்கு உள்ளே நிற்கும், கேமரா கோரையைப் பிடிக்கும், பறவை நீலப் புகையாக வரும். இதற்குக் கேமராவைத் திட்டிப் பயனில்லை. பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்களில் சென்சார் மேலிருக்கும் ஃபோகஸ் புள்ளிகள், கேமராவை வழக்கம்போல் கிடையாகப் பிடிக்கும்போது, செங்குத்தான கோடுகளைத்தான் நன்றாகப் படிக்கும். கோரை என்பது என்ன, செங்குத்துக் கோடுகளின் காடு. நாமே கேமராவுக்குப் பிடித்த தீனியை முன்னால் வைத்துவிட்டு அதைத் தாண்டிப் போ என்கிறோம். கேமராவைத் திருப்பி நெட்டையாகப் பிடித்தால் கோரையின் பிடி கொஞ்சம் தளரும், இது பலமுறை எனக்கு வேலை செய்திருக்கிறது. ஒற்றைச் சின்னப் புள்ளிக்கு மாற்றி, கோரை இடைவெளியில் தெரியும் சிவப்பு நெற்றித் தகட்டின் மேல் வைப்பது இன்னொன்று. அதற்கும் மசியாவிட்டால் ஃபோகஸ் வளையத்தைக் கையால் பறவை வரை கொண்டுவந்து விட்டுவிட்டு அப்புறம் பொத்தானை அழுத்துவேன், கேமரா பக்கத்திலிருப்பதைத் தேடிப் பிடிக்கும், பக்கத்தில் பறவை இருக்கும். லென்ஸ் பக்கவாட்டில் இருக்கும் ஃபோகஸ் வரம்பு சுவிட்சைப் பலர் வாங்கிய நாளிலிருந்து தொட்டதே இல்லை. பத்து மீட்டர் முதல் முடிவிலி என்று வைத்தால், முன்னால் ஆடும் புல்லைத் தேடி லென்ஸ் முழு நீளத்துக்கும் ஓடிவிட்டு வருவது குறையும், அந்த ஓட்டத்தில் தவறவிட்ட மீன்கொத்திகள் கணக்கில்லை.

கடைசியாக, நெளிந்த படத்தை மென்பொருளில் கொடுத்துக் கூராக்குவது பற்றி. மைத்துனன் இப்போது அந்தக் கட்சி. "மாமா, ஒரே கிளிக், பாருங்க இறகு இறகா வந்துடுச்சு" என்கிறான். வந்திருக்கிறது, வாஸ்தவம். எங்கிருந்து வந்தது? காற்றில் கலைந்துபோன இறகு கோப்பில் இல்லை, மென்பொருள் தனக்குத் தெரிந்த ஏதோ ஓர் இறகை வரைந்து வைக்கிறது. வீட்டுச் சுவரில் மாட்ட என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. போன பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், போகிப் புகை இன்னும் முழுசாக விலகாத ஒரு காலையில், தூரத்தில் ஓர் உள்ளானை எடுத்தோம், பொரி உள்ளானா வேறா என்பதில் எங்களுக்குள் தகராறு. முதுகுப் புள்ளிகளை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அவன் கூராக்கிய படத்தில் புள்ளிகள் முத்து முத்தாக இருந்தன, மூலப் படத்தில் வெறும் பழுப்பு. அவன் படத்தைப் போடலாம் என்றான், நான் முடியாது என்றேன். பட்டியலில் அதை இனம் தெரியாத உள்ளான் என்றே பதிந்தோம், மங்கலான மூலப் படத்தோடு. அவனுக்கு இன்னும் அதில் வருத்தம்தான்.